வாடகைக்கு இருக்கிற குடும்பத்தை முறையா எழுப்புறது எப்படி? (கல்லடி வீடு)

உப்போடைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில எங்களுக்கு ஒரு வீடு இருக்கு. ரெண்டு அறை, விறாந்தை, பின்னால கிணறு. வீட்டு உறுதி (சொத்துப் பத்திரம்) மனுசிட பேரில. வாடகைக்குக் குடுத்தது நான். ஆறு வருஷத்துக்கு முன்னம் "ஒரு வருஷத்துக்கு" எண்டு ஒப்பந்தம் எழுதி, முத்திரை ஒட்டி, ரெண்டு பேரும் கையெழுத்து வச்சம். உறுதி எழுதுற நொத்தாரிசிட்ட போகல்ல. அந்த வருஷம் முடிஞ்ச பிறகு புதுசா ஒண்டும் எழுதல்ல. முதலாம் திகதி வாடகை தருவார், நான் வாங்குவன், பற்றுச்சீட்டும் குடுப்பன். நல்ல குடும்பம், படிக்கிற பிள்ளைகள் ரெண்டு. இப்ப கடைசி ரெண்டு மாச வாடகை மட்டும் பாக்கி.

மகளுக்கு தை மாசம் கலியாணம். நம்மட பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும், மாப்பிள்ளை வந்து இருக்கிறது பொம்பிளைட வீட்ட. அவளுக்கெண்டு இருக்கிறது இந்த ஒரு வீடுதான். குடியிருக்கிறவரிட்ட நேரில போய்ச் சொன்னன். "பாப்பம் அண்ணன், வீடு தேடுறம்" எண்டு சொல்லுறார். மாசம் போகுது.

ஒருத்தர் கரண்ட வெட்டச் சொல்லுறார். இன்னொருத்தர் பொலிஸுக்குப் போகச் சொல்லுறார். எனக்கு அந்தப் பிள்ளைகளத் தெருவில விட்ட பழி வேணாம். ஆனா என்ட பிள்ளைக்கும் வீடு வேணும். எதை முதல் செய்யணும், எதைச் செய்யப்படாது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


தூரத்துப்பிள்ளை எழுதியது:

அண்ணன், இரக்கம் பாத்தா உங்கட பிள்ளைக்கு வீடு இல்ல. நான் சுவிஸில இருக்கிறன். ஊர்ல உள்ள என்ட வீட்டுக்குத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் (எனக்காக நடக்கிற அதிகாரம்) எழுதிக் குடுத்துத்தான் வழக்கு நடக்குது. தவணை, தவணை, தவணை. ஒரு நாள் லோயர் வரமாட்டார், மற்ற நாள் அந்த ஆள் வரமாட்டார். அந்த ஆள் வாடகையும் கட்டுறதில்ல, வீட்டு மதிலையும் இடிச்சி வாகனம் விட்டிருக்கார். உங்கட வீடு, உங்கட உறுதி. அவங்க கோயிலுக்குப் போற நேரம் பார்த்துப் பூட்ட மாத்துங்க. சாமானக் கவனமா எடுத்து விறாந்தையில வைங்க. பொலிஸுக்குப் போனாலும் "இது சிவில் பிரச்சினை" எண்டு திருப்பி அனுப்பிருவாங்க.


கச்சேரியடி எழுதியது:

தம்பி தூரத்துப்பிள்ளை, உங்கள் வலி புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு காரியத்தை மட்டும் உப்போடைக்காரன் செய்யக் கூடாது. நான் நீதிமன்றக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டத்தரணி இல்லை. கோப்புகளைக் கையால் புரட்டியவன் என்ற அளவில் சொல்கிறேன்.

பூட்டை மாற்றினால் நடப்பது இதுதான். குடியிருந்தவர் பொலிஸுக்குப் போவார். பொலிஸ் "சிவில்" என்று சொல்லிவிட்டுப் போகலாம் என நினைக்கிறீர்கள். ஆனால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. காணி, வீடு சம்பந்தமான பிணக்கால் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸார் அதை நீதவானிடம் அறிக்கையிடலாம், பாதிக்கப்பட்டவரே நேரடியாகவும் போகலாம். அங்கே உறுதி யாருடைய பெயரில் என்று கேட்கமாட்டார்கள். யார் உடைமையில் இருந்தார்கள், யாரை யார் பலவந்தமாக வெளியேற்றினார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வழக்கு வைக்கப்பட்டதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரைத் திரும்ப உள்ளே விடும்படி கட்டளை வரும். அதாவது நீங்கள் பூட்டை மாற்றிய வீட்டுக்குள் அவரை நீதிமன்றமே கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் உண்மையான வழக்கைத் தொடங்கும்போது, நீங்கள் சட்டத்தைக் கையில் எடுத்தவர் என்ற பெயரோடுதான் தொடங்குவீர்கள்.

கரண்ட், தண்ணீர் வெட்டுவதும் இதே வகைதான். மின்மானி உங்கள் பெயரில் இருப்பதால் உரிமை வந்துவிடாது. பிள்ளைகள் படிக்கிற வீட்டில் விளக்கை அணைத்தவரை எந்த நீதவானும் நல்ல கண்ணால் பார்க்கமாட்டார்.

பொலிஸுக்கும் வாடகைக் குடியை எழுப்பும் அதிகாரம் இல்லை. அடிதடி, பயமுறுத்தல், சேதம் இருந்தால் முறைப்பாடு செய்யலாம். வீட்டைக் காலி பண்ணித் தரும்படி பொறுப்பதிகாரியிடம் போய் நிற்பதில் பயன் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு வந்து, எழுத்தாணை பிறந்து, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கல் உத்தியோகத்தர் வந்து ஒப்படைத்தால்தான் அது சட்டப்படி எழுப்பியது. அந்தக் கடைசிப் படிவரை போகாமலே பெரும்பாலான விஷயம் முடியும். ஆனால் அந்தப் படி உங்களிடம் இருக்கிறது என்பது எதிராளிக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் காகிதம்.


உப்போடைக்காரன் எழுதியது:

சேர், மிச்சம் நன்றி. நெஞ்சுக்குள்ள இருந்த பாரம் கொஞ்சம் குறைஞ்சிட்டு. அப்ப என்ட அந்த ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு இப்ப பெறுமதி இருக்கா? உறுதி மனுசிட பேரில இருக்கிறதால நான் நோட்டீஸ் குடுக்கலாமா, இல்லாட்டி மனுசி குடுக்கணுமா?


கச்சேரியடி எழுதியது:

ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வாடகை எவ்வளவு, எப்போது தொடங்கியது, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சியமாக உதவும். குத்தகையாக அதற்கு வலு இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வைத்து உறுதியாக எழுத வேண்டும். கடையில் முத்திரை வாங்கி ஒட்டிவிட்டு "வருஷ அக்ரிமென்ட்" என்று வைத்திருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் எல்லாரும் மாத வாடகைக்காரர்கள்தான்.

உங்கள் விஷயத்தில் இது உங்களுக்கு நல்லது. மாத வாடகையை முடிப்பதற்கு முழுதாக ஒரு நாட்காட்டி மாத அறிவித்தல் போதும். அந்த "முழுதாக" என்ற இடத்தில்தான் வழக்குகள் கவிழ்கின்றன. உங்கள் வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்கிக் கடைசித் திகதி முடிகிறது. ஒக்டோபர் 31இல் காலி பண்ண வேண்டும் என்றால், அறிவித்தல் செப்டெம்பர் 30க்குள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒக்டோபர் முழுதும் அவருக்கு மிஞ்ச வேண்டும். ஒக்டோபர் 5இல் கொடுத்து நவம்பர் 5இல் போகச் சொன்னால் நாள்கணக்கு ஒரு மாதம்தான். ஆனால் வாடகை மாதத்தின் நடுவில் வெட்டுகிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அந்த ஓட்டையைத்தான். பதினைந்தாம் திகதி தொடங்கிய வாடகை என்றால் கணக்கும் அதற்கேற்ப மாறும். கூடுதல் காலம் கொடுப்பதில் பிழை வராது, குறைத்தால்தான் பிழை.

இரண்டாவது கேள்வி. வாடகைக்குக் கொடுத்தவர் நீங்கள், வாடகை வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுத்தவர் நீங்கள். ஆகவே வீட்டுக்காரர் நீங்கள்தான். உறுதி மனைவியின் பெயரில் இருப்பதைக் காட்டி "உனக்கு என்ன உரிமை" என்று அவர் கேட்க முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு அந்த வாயை அடைக்கிறது, ஒருவர் அனுமதியோடு உள்ளே வந்தவர் அங்கே இருந்துகொண்டே அவருடைய உரித்தை மறுக்க இயலாது.

ஒன்று கவனம். கலியாணத்துக்கு முன்னமே சீதன உறுதி எழுதிவிட அவசரப்படாதீர்கள். உறுதி மாறினாலும் வாடகைக்குடி தானாக எழும்பாது, புதுச் சொந்தக்காரர் குடியோடுதான் வீட்டைப் பெறுவார். பிறகு "இனி வாடகையை மகளிடம் கொடுங்கள்" என்று அவருக்கு எழுத்தில் அறிவித்து, அவளை வீட்டுக்காரியாக அவர் ஏற்று, அவள் பெயரில் நோட்டீஸ் போய்... சுற்று நீளும். நீங்களே தொடங்கி நீங்களே முடியுங்கள், மறுகா எழுதுங்கள்.


பாலத்தடி எழுதியது:

ஒரு கேள்வி. வாடகைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கெண்டும், அதில வீட்டுக்காரன் எழுப்பவே ஏலாதெண்டும் எங்கட அப்பா சொல்லுவார். அது இப்ப இல்லையா?


கச்சேரியடி எழுதியது:

இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். அதன் 22ஆம் பிரிவு அந்தக் காலத்து வீட்டுக்காரர்களை நடுங்க வைத்தது. அந்தச் சட்டம் பிடிக்கிற வீடென்றால் நோட்டீஸ் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். வாடகை நிலுவை, அனுமதியில்லாமல் மேல்வாடகைக்கு விட்டது, வீட்டைப் பாழாக்கியது, அயலுக்குத் தொல்லை, வீட்டுக்காரருக்கோ குடும்பத்துக்கோ நியாயமாகத் தேவைப்படுவது, இப்படி. காரணத்துக்கேற்ப அறிவித்தல் காலமும் நீளும்.

பிறகு வந்த திருத்தங்கள், முக்கியமாக 1980இலும் 2002இலும் வந்தவை, ஏராளமான வீடுகளை அந்தப் பிடியிலிருந்து விடுவித்துவிட்டன. ஆகவே முதல் வேலை, உங்கள் வீடு அதற்குள் வருகிறதா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது. எப்போது கட்டியது, எப்போது முதலில் வாடகைக்குப் போனது, எந்தச் சபை எல்லை என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். மட்டக்களப்பு, கல்முனை மாநகர எல்லைக்குள் பரம்பரையாக ஒரே குடி இருக்கிற பழைய வீடு, கடை என்றால் இதைக் கேட்காமல் ஒரு கடிதமும் போடக் கூடாது. அந்த வகை வீட்டில் நீங்கள் வாடகையை வாங்க மறுத்தாலும் குடியிருப்பவர் உள்ளூராட்சி மன்றத்தில் கட்ட வழி இருக்கிறது. வாங்காமல் விட்டு நிலுவையைப் பெருக்கிக் காட்டலாம் என்ற தந்திரம் எடுபடாது.


நாவற்குடாப்பிள்ளை எழுதியது:

நான் வீட்டுக்காரி இல்ல, வாடகைக்கு இருக்கிறவ. எங்கட பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்க.

"பாப்பம் அண்ணன்" எண்டு சொல்லுற ஆக்கள் எல்லாரும் ஏமாத்துறவங்க இல்ல. என்ன நடக்குது தெரியுமா? புது வீட்டுக்காரர் ஆறு மாச முற்பணம் கேப்பார், சில பேர் ஒரு வருஷம். எங்கட காசு பழைய வீட்டுக்காரரிட்ட முற்பணமாக் கிடக்கு. அவர் "வீட்ட விட்டுட்டுத் திறப்பத் தாங்க, கணக்குப் பார்த்துத் தாறன்" எண்டு சொல்லுவார். அந்தக் காசு வராம நாங்க புது வீட்டுக்கு முற்பணம் கட்ட ஏலா. புது வீடு எடுக்காம பழைய வீட்ட விட ஏலா. இதை வெளியில சொல்ல வெக்கத்தில "வீடு தேடுறம்" எண்டு சொல்லிக்கொண்டு இருப்பம். மாப்பிள்ளை வீட்டார் கேக்கிறாங்க எண்டு நீங்க பதறுவீங்க, எங்களுக்கும் இரவில நித்திரை வராது.

அதனால உப்போடை அண்ணன், அவரிட்ட முதல் கேக்க வேண்டிய கேள்வி "எப்ப போறீங்க" இல்ல. "போறதுக்கு என்ன தடங்கல்" எண்டு கேளுங்க. முற்பணத்தில பாதியை இப்பவே குடுக்க ஏலுமெண்டா, திகதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு குடுங்க. மிச்சத்தைத் திறப்புத் தாற அண்டைக்குக் கையில குடுங்க, பிறகு தாறன் எண்டு இழுக்காதீங்க. ரெண்டு மாச நிலுவை பெரிசாத் தெரியும். ஆனா வழக்குக்குப் போனா அதை விடக் கூடச் செலவு.

இன்னொண்டு, கார்த்திகை மார்கழி எங்களுக்கு மாரி. தெருவில தண்ணி நிக்கிற நேரம் அலுமாரியும் மெத்தையும் லொறியில ஏத்தி நனைச்சா அந்தச் சாமான் போனதுதான். பிள்ளைகளுக்கு ஆண்டிறுதிச் சோதினையும் வரும். திகதியை நீங்களே வைக்காம, ரெண்டு மூண்டு திகதியைச் சொல்லி அவங்களத் தெரியச் சொல்லுங்க. தாங்களே தெரிஞ்ச திகதிக்குப் போற மனசு வேற.


சாய்ந்தமருதான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு. எங்கட பக்கமும் இதே கதைதான், புள்ளைக்கி ஊடு குடுக்காம கலியாணம் இல்ல. எங்கட மூத்த மகள்ர ஊட்டுல ஒரு குடும்பம் இருந்திச்சி. ஊட்டுக்காரர், கூலிக்கிருந்தவர், ரெண்டு பக்கத்து மூத்தாக்கள், எல்லாரும் பள்ளிவாசல்ல உட்கார்ந்து பேசினம். அவருக்குத் தேவைப்பட்டது ஒண்டுதான், புள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரத்துல ஊடு. அதத் தேட நாங்களும் சேர்ந்து அலைஞ்சம். எங்கட சாச்சிட ஊட்டுக்குப் பக்கத்துல ஒண்டு கெடச்சிச்சி. சாமான் ஏத்துற லொறிக் காசும் நாங்க குடுத்தம். போகக்குள்ள கண்ணியமாப் போனாங்க. மகள்ர கலியாணத்துக்கும் வந்தாங்க.

ஆனா கச்சேரியடி நானா, ஒரு விசயம். பள்ளிவாசல்ல, கோயில்ல எழுதுற கடுதாசி கோட்டுல செல்லுமா?


கச்சேரியடி எழுதியது:

செல்லுபடியாகும் விதம் வேறு. அது தீர்ப்பு இல்லை, அதை வைத்துப் பிஸ்கலைக் கூப்பிட முடியாது. ஆனால் "இந்தத் திகதிக்குக் காலி பண்ணுவேன்" என்று அவர் தன் கையெழுத்தில் கொடுத்தது பிற்பாடு வழக்கு வந்தால் நல்ல சாட்சியம். அதனால் பேச்சுவார்த்தை நடக்கும்போதே நோட்டீஸையும் அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் அனுப்புவது சண்டைக்குக் கூப்பிடுவது ஆகாது. அவரிடம் நேரில் சொல்லுங்கள்: "தம்பி, உங்கள்ல எனக்குக் கோபம் இல்ல, முறைக்கு ஒரு கடிதம் வரும், மனசில வச்சுக்காதீங்க." பேசிய பேச்சு நிலைத்தால் அந்தக் கடிதம் இலாச்சிக்குள்ளே கிடக்கும். நிலைக்காவிட்டால் நீங்கள் இரண்டு மூன்று மாதத்தை இழக்கமாட்டீர்கள். பேச்சை நம்பி நோட்டீஸ் போடாமல் இருந்தவர்கள்தான் மறுபடி முதலிலிருந்து மாதம் எண்ணியதைப் பார்த்திருக்கிறேன்.

இணக்கசபை, அதாவது மத்தியஸ்த சபை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்குவது. பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுவார்கள். நிலுவை வாடகை போன்ற, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை அங்கே கொண்டுபோய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் எடுத்த பிறகுதான் நீதிமன்றம் ஏற்கும். உங்கள் வழக்குக்கு அது தேவையா என்பதைச் சட்டத்தரணி சொல்வார். தேவையில்லாவிட்டாலும் போய்ப் பார்க்கலாம், லோயர் கூலி இல்லை.


உப்போடைக்காரன் எழுதியது:

நாவற்குடாத் தங்கச்சி, நீங்க எழுதினத வாசிச்சு மனுசியும் நானும் கனநேரம் கதைச்சம். அவர்ட முற்பணம் ஆறு மாசத்துக்குரியது என்ட கையிலதான் கிடக்கு. அதை நான் ஒரு பாதுகாப்பு எண்டுதான் நினைச்சன், அவருக்கு அது காலில கட்டின கயிறா இருக்குமெண்டு தெரியாது. இண்டைக்குப் பின்னேரம் போய்க் கதைக்கப் போறன்.

சேர், நோட்டீஸை லோயரக் கொண்டுதான் அனுப்பணுமா? நான் எழுதலாமெண்டா என்ன மாதிரி எழுதுறது?


கச்சேரியடி எழுதியது:

நீங்களே எழுதலாம். ஆனாலும் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், அந்தச் செலவு வீண் போகாது. ஒரு மாதிரி தருகிறேன், உங்கள் விபரத்துக்கேற்ப மாற்றுங்கள்.

"கல்லடி, இன்ன வீதி, இன்ன இலக்க வீட்டை என்னிடமிருந்து மாத வாடகைக்குப் பெற்று வசித்துவரும் தங்களுக்கு அறிவிப்பது: மேற்படி வாடகையை எதிர்வரும் ஒக்டோபர் மாதம் 31ஆம் திகதியுடன் முடிவுறுத்துகிறேன். அன்றைய தினம் அல்லது அதற்கு முன்னர் வீட்டையும் வளவையும் காலிசெய்து, அமைதியான உடைமையை என்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்திகதிக்குப் பின்னரும் தாங்கள் தங்கியிருப்பின் அது என் அனுமதியற்ற இருப்பாகும் என்பதையும், அக்காலத்துக்கு நட்டஈடு கோருவேன் என்பதையும் அறியத்தருகிறேன். நிலுவையாகவுள்ள வாடகை இவ்வளவு. தங்கள் முற்பணமாக என்னிடமுள்ள தொகை இவ்வளவு. ஒப்படைக்கும் தினத்தில் கணக்குப் பார்த்து மீதியைத் தருவேன்."

கடைசி வரி சட்டத்துக்குத் தேவையில்லை, நியாயத்துக்குத் தேவை. அதை எழுத்தில் பார்த்தாலே அவர் பாதி ஆறுதல் அடைவார்.

பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற்கந்தோர்ச் சீட்டை நோட்டீஸின் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். செப்டெம்பர் கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள், தபால் பிந்தினால் ஒரு மாதம் போய்விடும். நேரில் கொடுத்தால் பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள்.

பிறகு பணம். நிலுவைக்கு அவர் இப்போது தருவதை வாங்கலாம், எந்த மாதத்துக்குரியது என்று பற்றுச்சீட்டில் எழுதுங்கள். ஆனால் நோட்டீஸ் திகதி கடந்த பிறகு வருகிற பணத்தை "வாடகை" என்று எழுதி வாங்கினால், வாடகையைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்று அவர் தரப்பு வாதிட இடம் கிடைக்கும். "ஒக்டோபர் 31க்குப் பின்னரான இருப்புக்கான நட்டஈடாக, என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றேன்" என்று எழுதுங்கள். வங்கிக் கணக்குக்குப் போடுகிறார் என்றால் இதையே ஒரு கடிதமாக அனுப்பிவிடுங்கள்.


ஏறாவூர்ப்பற்று எழுதியது:

எங்கட பெரியம்மாட செங்கலடி வீட்டில ஒரு குடும்பம் பதினொரு வருஷமா இருக்கு. பத்து வருஷம் தாண்டினா வீடு அவங்களுக்குத்தான், அதோட வாக்காளர் இடாப்பிலயும் அந்த விலாசத்தில பதிஞ்சிட்டாங்க, இனி எழுப்ப ஏலா எண்டு ஊரெல்லாம் சொல்லுது. பெரியம்மா அழுதுகொண்டு இருக்கா.


கச்சேரியடி எழுதியது:

பெரியம்மாவை முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்டு வந்ததால் சொந்தமாகும் ஆட்சியுரிமைக்குப் பத்து வருஷம் இருந்தால் மட்டும் போதாது. சொந்தக்காரருடைய உரித்துக்கு எதிராக, அவரை ஏற்காமல், தடையின்றி ஆண்டிருக்க வேண்டும். அனுமதியோடு வந்து வாடகை கொடுத்துக்கொண்டு இருப்பவர் மாதாமாதம் அவருடைய உரித்தை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் இருபது வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். பதினொரு வருஷப் பற்றுச்சீட்டுகளின் அடிக்கட்டைகள் இருந்தால் அவைதான் பெரியம்மாவின் பலம். பற்றுச்சீட்டே கொடுக்காதவர், உறவுக்காரருக்கு இனாமாக விட்டவர், வெளிநாடு போய் ஆண்டுக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர், இவர்கள்தான் பயப்பட வேண்டும்.

வாக்காளர் இடாப்புப் பதிவு அவர் அங்கே வசிக்கிறார் என்பதற்கு மட்டும் சான்று. கிராம உத்தியோகத்தர் கொடுக்கும் வதிவிடச் சான்றிதழும் அப்படியே. பாடசாலை அனுமதிக்கு அது அவர்களுக்குத் தேவை, அதை மறுத்து அந்தப் பிள்ளைகளை வதைக்க வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். செங்கலடி வீடு உறுதிக் காணியிலா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியிலா? அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் கைமாற்றத் தடை உண்டு. நீங்கள் வழக்குக்குப் போனால் அந்தக் கதையும் எழும்பும். சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் கேட்கலாம்.


தூரத்துப்பிள்ளை எழுதியது:

கச்சேரியடி ஐயா, எல்லாம் வாசிச்சன். 66ஆம் பிரிவு எனக்குத் தெரியாத விசயம். ஆனா நேர்மையா வழக்குப் போட்டவனுக்கு என்ன வழி? என்ட ஆள் முற்பணம் கேக்கிற ஏழை இல்ல. ரெண்டு கடை வச்சிருக்கார், வேணுமெண்டே தவணை எடுக்கார். அவருக்கும் இந்த அன்பும் பேச்சும் சரிவருமா?


கச்சேரியடி எழுதியது:

சரிவராது. வசதி இருந்தும் பிடித்து வைத்திருப்பவரிடம் இரக்கத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை, சட்டத்தை முழுதாகப் பாவியுங்கள். அப்படிப்பட்டவர்களால்தான் நல்ல வாடகைக் குடும்பங்களுக்கும் வீடு கிடைக்காமல் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் "பூட்டி வைத்தாலும் வைப்போம், வாடகைக்குக் கொடோம்" என்று விட்ட வீடுகள் நகரத்தில் எத்தனை கிடக்கின்றன!

நடக்கிற வழக்கில் இரண்டைப் பாருங்கள். நோட்டீஸ் திகதிக்குப் பிறகு மாதாமாத நட்டஈடு கேட்டிருக்கிறீர்களா? இன்றைய சந்தை வாடகைக்கு ஏற்றபடி கேட்டிருந்தால் இழுப்பது அவருக்கும் செலவாகும். மதிலை இடித்ததற்குப் படமும் மதிப்பீடும் தம்பியிடம் இருக்க வேண்டும். அடுத்தது இணக்கத் தீர்ப்பு. "இன்ன திகதிவரை இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை, மீறினால் மேலதிக விசாரணையின்றி எழுத்தாணை" என்று நீதிமன்றத்திலேயே இருவரும் கையொப்பமிட்டுப் பதிவு செய்வது. ஆறு மாதமோ ஒரு வருஷமோ விட்டுக்கொடுப்பது உங்களுக்குக் கசக்கும். தீர்ப்பு வந்து, அவர் மேன்முறையீடு செய்து, அது முடியும் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்கு: நொத்தாரிசு உறுதியாகக் குத்தகை எழுதுங்கள். குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீளப் பெறுவதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. காலம் முடிந்தும் விடாதவருக்கு எதிராக, வழமையான நீண்ட விசாரணைக்குப் பதிலாகச் சுருக்க முறையில் மாவட்ட நீதிமன்றம் போகும் வழி அது. ஒழுங்கான உறுதி கையில் இல்லாதவருக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம். நொத்தாரிசுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.


உப்போடைக்காரன் எழுதியது:

போய்க் கதைச்சன். தங்கச்சி சொன்னதுதான் சரி, முற்பணம்தான் தடங்கல். நொச்சிமுனைப் பக்கம் ஒரு வீடு பார்த்து வச்சிருக்காங்க, கட்டக் காசு இல்லாம நிக்கிறாங்க. ஒக்டோபர் 31, நவம்பர் 30 எண்டு ரெண்டு திகதி சொன்னன். மாரிக்கு முன்னம் போறம் எண்டு ஒக்டோபரத்தான் தெரிஞ்சாங்க. முற்பணத்தில பாதியை நாளைக்குக் குடுக்கப் போறன், மிச்சத்தில நிலுவையைக் கழிக்கிறதெண்டு பேச்சு. நோட்டீஸ் வருமெண்டும் சொன்னன், "அனுப்புங்க அண்ணன், முறை முறைதானே" எண்டார்.

பாதி முற்பணம் குடுக்கக்குள்ள என்ன எழுதி வாங்கணும்? திறப்பு வாங்குற அண்டைக்கு என்ன செய்யணும்?


கச்சேரியடி எழுதியது:

நாளைக்கு வாங்க வேண்டிய எழுத்து: இவ்வளவு தொகை முற்பணத்தில் திருப்பிப் பெற்றேன், இவ்வளவு மீதி இருக்கிறது, ஒக்டோபர் 31இல் வீட்டை ஒப்படைப்பேன். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திடட்டும், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சாட்சி. இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்.

ஒப்படைக்கும் நாள் பகலில், சாமான் எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு இருவரும் அறை அறையாக நடந்து பாருங்கள். ஆறு வருஷம் பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் சுவரில் கீறலும் ஆணித் துளையும் இருக்கத்தான் செய்யும், அதற்குக் காசு வெட்டாதீர்கள். கதவு உடைந்தது, சிங்க் காணாமற் போனது வேறு விஷயம். மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து, அன்றுவரையான கட்டணத்தைக் கழித்து, மீதியை அங்கேயே எண்ணிக் கொடுங்கள். எல்லாத் திறப்பையும் வாங்கி, "இன்று உடைமையை ஒப்படைத்தேன், பெற்றேன்" என்று ஒரு தாளில் இருவரும் ஒப்பமிடுங்கள்.


பாலத்தடி எழுதியது:

ஐயா, கடைசியா ஒண்டு. சொல்லாம கொள்ளாமப் பூட்டிப்போட்டு, பாதிச் சாமான உள்ள வச்சிட்டுப் போற ஆக்களும் இருக்காங்களே. எங்கட அயல்ல இப்ப அப்படி ஒண்டு. திறப்பும் இல்ல, போனும் எடுக்கிறாங்க இல்ல.


கச்சேரியடி எழுதியது:

அந்தப் பூட்டையும் உடைக்க வேண்டாம். சாமான் உள்ளே இருக்கும்வரை அவர் விட்டுப் போய்விட்டார் என்று நீங்களாக முடிவெடுத்தால், நாளைக்கு வந்து "என் நகை இருந்தது" என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கும் இந்த வீட்டு விலாசத்துக்கும் பதிவுத் தபால் அனுப்பச் சொல்லுங்கள். பொலிஸில் ஒரு பதிவு போட்டுப் பிரதி எடுக்கட்டும். கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் தெரிவிக்கட்டும். பிறகு சட்டத்தரணி சொல்லும் வழியில்தான் திறப்பது. திறக்க அனுமதி கிடைத்தால் சாட்சிகளை வைத்துக்கொண்டு பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எல்லாரும் ஒப்பமிட்டு, ஓர் அறையில் வைத்துப் பூட்டுங்கள். விற்கவோ எறியவோ வேண்டாம், பாடசாலைப் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் தனியாக ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள்.